மாட்டேன்னு சொல்லலை... ஆனா!



இந்த வாரம் நம்ம கையில சிக்கியிருக்கிற வார்த்தை 'ரிலக்டன்ஸ்'. நடுவுல 'லக்' இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க. அதிர்ஷ்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா உச்சரிக்கும்போது அழுத்தம் அந்த 'லக்' மேலதான் விழணும். ரி-'லக்'-டன்ஸ். ஒரு தடவை சத்தமா சொல்லிப் பாருங்க. பஸ்ல படிச்சுட்டு இருந்தா மனசுக்குள்ள சொன்னா போதும், பக்கத்து சீட்காரர் பாவம்!

டிக்‌ஷனரியைப் புரட்டினா விருப்பமின்மை, மனமின்மை, தயக்கம்னு பொதுவா போட்டிருக்கும். தப்பில்லை. ஆனா இதை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போனா ஒரு இடத்துல வசமா மாட்டுவோம். ஏன்னா விருப்பமே இல்லைன்னு சொல்றதுக்கு 'அன்வில்லிங்' இருக்கு. தயங்கி நிக்கிறதுக்கு 'ஹெஸிடேஷன்' இருக்கு. அப்புறம் எதுக்கு மூணாவதா ஒரு வார்த்தை?

ஒரு சிச்சுவேஷன் சொல்றேன். செமஸ்டருக்கு நாலு நாள் இருக்கு. ஹாஸ்டலுக்கு அம்மாகிட்ட இருந்து போன். "சித்தப்பா பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்டா. ஞாயித்துக்கிழமை வந்துடு."

"பரீட்சைம்மா, வரமாட்டேன்"னு சொன்னா அது மறுப்பு. நீங்க அன்வில்லிங்.

"பாக்கலாம்மா... நாளைக்குச் சொல்றேன்"னு சொன்னா அது ஹெஸிடேஷன். நீங்க இன்னும் முடிவே எடுக்கலை.

"சரி...ம்மா... வர்றேன்..."னு ஒரு இழுவை இழுத்து, போனை வெச்சுட்டு, புத்தகத்தை ஒரு பார்வை பார்த்து, பெருமூச்சு விட்டுட்டு, பெட்டியை எடுக்கிறீங்களே... அதுதான் ரிலக்டன்ஸ்!

பெரும்பாலும் ரிலக்டன்ட் ஆசாமி காரியத்தைச் செஞ்சுடுவார். முனகிக்கிட்டே செய்வார், அரை மனசோட செய்வார், வேண்டா வெறுப்பா செய்வார். ஆனா செய்வார். சில சமயம் கடைசி வரைக்கும் செய்யாமலும் போகலாம். ஆனா அந்த வார்த்தையைச் சொல்ற நிமிஷத்துல கதவு சாத்தப்படலை. லேசா திறந்துதான் இருக்கு. உள்ளே ஒரு மல்லுக்கட்டு நடந்துக்கிட்டு இருக்கு.

'மல்லுக்கட்டு'ங்கிற வார்த்தையை வேணும்னேதான் போட்டேன். ரிலக்டன்ஸோட பூர்வீகம் லத்தீன். 'லுக்தாரி'ன்னா மல்யுத்தம் பண்றது. அதுக்கு முன்னாடி 'ரி' சேர்ந்தா எதிர்த்து மல்லுக்கட்டுறது. அகராதியில இருக்கிற 'மனமின்மை'யை விட, நம்ம வீட்டுல "காலங்கார்த்தால இவனை எழுப்புறதுக்குள்ள மல்லுக்கட்ட வேண்டியிருக்கு"ன்னு அம்மா புலம்புற வார்த்தைதான் ரிலக்டன்ஸுக்கு ரத்த சொந்தம்! 

ஆரம்பத்துல இது மனசு சம்பந்தப்பட்ட வார்த்தையாவே இல்லை. உடம்பால திமிறுறதைத்தான் குறிச்சுது. மில்டன் எழுதின 'பாரடைஸ் லாஸ்ட்' (1667) காவியத்துல பத்தாவது காண்டத்துல ஒரு காட்சி. ஆதாம், ஏவாளைக் கவுத்த கெத்துல சாத்தான் நரகத்துக்குத் திரும்பி வந்து, கைதட்டல் வரும்னு எதிர்பார்த்து நிப்பான். வர்றது பாம்புச் சீறல். அப்படியே அவன் உடம்பும் பாம்பா மாறிப்போகும். மாற மாட்டேன்னு முறுக்கித் திமிறுவான், பலிக்காது. அந்தத் திமிறலுக்கு மில்டன் போட்ட வார்த்தை 'ரிலக்டன்ட்'. உடம்பு முறுக்கிக்கிட்டதைச் சொன்ன வார்த்தை பின்னாடி மனசு முறுக்கிக்கிறதைச் சொல்ற வார்த்தையா ஆயிடுச்சு.

இதே குடும்பத்துல இன்னொரு உருப்படி 'இனிலக்டபிள்'. மல்லுக்கட்டினாலும் தப்பிக்க முடியாததுன்னு அர்த்தம். ஜி.ஆர்.ஈ. படிக்கிறவங்க ஒரு ஓரமா எழுதி வெச்சுக்கோங்க. மத்தவங்க மறந்துடலாம், பாவம் கிடையாது.

இப்போ கொஞ்ச நேரம் எங்க டிபார்ட்மென்ட் ஏரியா. நான் ட்ரிபிள் ஈ. ஓடிப்போயிடாதீங்க ப்ளீஸ், ரெண்டே நிமிஷம்!

இங்கிலீஷ் பேப்பர்ல பார்க்கிறதுக்கு முன்னாடியே இந்த வார்த்தையை நாங்க மெஷின்ஸ் பேப்பர்ல பார்த்துட்டோம். மின்சாரம் ஓடறதுக்குத் தடை 'ரெசிஸ்டன்ஸ்'. காந்தப் பாயம், அதாவது ஃப்ளக்ஸ், ஓடறதுக்கு வர்ற தடை 'ரிலக்டன்ஸ்'. நீளத்தை மியூவும் ஏரியாவும் பெருக்கின தொகையால வகுத்தா வந்துடும், ரெண்டு மார்க் நிச்சயம். ரெண்டும் தடைதானே, எதுக்கு ரெண்டு பேர்?

பேர் வெச்சவர் ஆலிவர் ஹெவிசைட். வருஷம் 1888. பதினாறு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டுட்டு, தந்தி ஆபரேட்டரா வேலை பார்த்து, தானாவே கணக்கும் மின்சாரமும் கத்துக்கிட்ட மனுஷன். நம்மளைத் தூங்கவிடாம பண்ற இம்பீடன்ஸ், இண்டக்டன்ஸ், அட்மிட்டன்ஸ் எல்லாம் இவர் வெச்ச பேர்கள்தான். அவருக்கு முன்னாடி 'காந்த ரெசிஸ்டன்ஸ்'னு ஒரு பேர் புழக்கத்துல இருந்துச்சு. ஹெவிசைட் தனி வார்த்தை கொடுத்தார்.

அவர் மனசுல என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பேர் எவ்வளவு பொருத்தம் பாருங்க. மின்சாரத்துக்கு இன்சுலேட்டர் உண்டு. ரப்பரும் பீங்கானும் அதை "வராதே, போ"ன்னு தடுத்துடும். காந்தத்துக்கு சாதாரணமா நாம புழங்குற பொருட்கள்ல அப்படி ஒரு இன்சுலேட்டர் கிடையாது (சூப்பர் கண்டக்டர் கதை தனி). இரும்புல ஃப்ளக்ஸ் சந்தோஷமா ஓடும். நடுவுல ஒரு மில்லிமீட்டர் காற்று இடைவெளி வந்துட்டா, அதே அளவு இரும்பை விட ஆயிரக்கணக்கான மடங்கு ரிலக்டன்ஸ். ஆனாலும் ஃப்ளக்ஸ் போகும். குறைஞ்சு போகும், முனகிக்கிட்டே போகும், ஆனா போகும்!

இன்னொண்ணு. ரெசிஸ்டன்ஸ்ல கரன்ட் ஓடினா சூடாகி சக்தி வீணாகும். அயர்ன் பாக்ஸுக்கு அது ஓகே. ரிலக்டன்ஸ்ல அப்படி எரியுறதில்லை. அந்தக் காற்று இடைவெளிக்குள்ள காந்தப்புலமா சக்தி சேர்ந்து நிக்கும், அப்புறம் திரும்பக் கிடைக்கும். ரோட்டார் எந்த நிலையில நின்னா ரிலக்டன்ஸ் குறைச்சலோ அந்த நிலைக்கே இழுபடும். இந்த இழுப்பை வெச்சே மோட்டார் ஓட்டுறாங்க, பேரே ரிலக்டன்ஸ் மோட்டார். 2017-ல வந்த டெஸ்லா மாடல் 3 காரோட மோட்டார் நிரந்தரக் காந்தத்தோட இந்த இழுப்பையும் சேர்த்துப் பயன்படுத்துது. மனமில்லாத்தனத்தை வெச்சு கார் ஓட்டுறாங்க பாஸ்!

சரி, லேப் கோட்டைக் கழட்டிடலாம். மேட்டருக்கு வர்றேன்.

பிளேஸ்மென்ட் சீஸன்ல எச்.ஆர். ரவுண்டுல தவறாம வர்ற கேள்விகள் உங்களுக்கே தெரியும். "ஆர் யூ வில்லிங் டு ரீலொகேட்?" "ஆர் யூ வில்லிங் டு வொர்க் இன் நைட் ஷிஃப்ட்ஸ்?" "ஆர் யூ வில்லிங் டு சைன் எ பாண்ட்?" கேள்வியிலேயே 'வில்லிங்' உட்கார்ந்திருக்கு. அதனால நம்ம வாயில வர்றதும் ரெண்டே பதில். வில்லிங், இல்லைன்னா நாட் வில்லிங்.

எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க. மதுரைப் பக்கம் கிராமம். ஆப்டிட்யூட் க்ளியர், டெக்னிக்கல் சூப்பர். எச்.ஆர். நைட் ஷிஃப்ட் பத்திக் கேட்டதும், "ஐ ஆம் நாட் வில்லிங் சார்". "ஓகே, தேங்க் யூ." நாலு நிமிஷத்துல வெளியே வந்துட்டாங்க. காரிடார்ல நின்னு அவங்க சொன்னதுதான் இந்த வாரம் இந்த வார்த்தையை நான் எடுக்கக் காரணம்.

"நான் வரவே மாட்டேன்னு சொல்ல வரலைப்பா. ராத்திரி வேலை முடிஞ்சா வண்டி விடுவாங்களா, பக்கத்துல தங்க இடம் இருக்கான்னு தெரிஞ்சா அப்பாகிட்ட பேசி சரின்னு சொல்லியிருப்பேன். அதை எப்படி சொல்றதுன்னு தெரியலை. அதான் இல்லைன்னுட்டேன்."

அதே வருஷம் இன்னொரு சீனியர் அண்ணன். பாண்ட் பத்திக் கேட்டாங்க. உள்ளுக்குள்ள பகீர். வெளியே "நோ ப்ராப்ளம் சார்!" எத்தனை வருஷம், நடுவுல கிளம்பினா எவ்வளவு கட்டணும், ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி வெச்சுக்குவாங்களா, ஒண்ணுமே கேட்கலை. சேர்ந்த பிறகுதான் எல்லாத்தையும் படிச்சார். மேல படிக்க ஆசைப்பட்டவர். இப்போ போன் பண்ணினா பாண்ட் முடிய இன்னும் எத்தனை மாசம்னுதான் முதல்ல சொல்றார்.

ஒருத்தர் 'நோ', இன்னொருத்தர் 'யெஸ்'. ரெண்டு பேர் மனசுல இருந்ததும் ஒரே சமாச்சாரம்தான், ரிலக்டன்ஸ்!

நமக்கு இந்த உணர்ச்சி புதுசா என்ன? தமிழ்ல தொண்டைத் தண்ணி வத்தாம சொல்லிடுவோம். "சரி"க்கும் "சரி...ங்க..."க்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்குன்னு கேட்கிறவங்களுக்குத் தெரியும். உடனே "என்னப்பா இழுக்கிற?"ன்னு கேட்பாங்க. அங்கே பேச்சு ஆரம்பமாயிடும். நம்ம ஊர்ல அந்த இழுவைதான் ரிலக்டன்ஸ். இங்கிலீஷ்ல பேசும்போது நாம இழுக்கிறது எதிராளிக்கு 'இவனுக்கு இங்கிலீஷ் வரலை'ன்னுதான் கேட்கும். ஈ-மெயில்ல இழுக்கவே முடியாது. அதனால அந்த இழுவையை வார்த்தையாவே எடுத்து மேஜை மேல வைக்கணும்.

வேற ஒரு அக்கா அப்படித்தான் வெச்சாங்க. "ஐ ஆம் எ லிட்டில் ரிலக்டன்ட் டு டேக் நைட் ஷிஃப்ட்ஸ், பிகாஸ் ஐ டோன்ட் நோ அபௌட் தி டிரான்ஸ்போர்ட். குட் யூ டெல் மீ, சார்?" 'கொஞ்சம் யோசனையா இருக்கு, காரணம் இது, சொல்லுங்களேன்'னு அர்த்தம். எச்.ஆர். கேப் வசதி பத்தி விவரமா சொன்னாராம். இவங்க சரின்னாங்க. வேலை கிடைச்சுது. "அது டெக்னிக்கல் ரவுண்டுக்காகக் கிடைச்சது, இதுக்காக இல்லை"ன்னு அவங்களே சொல்றாங்க. நானும் அதை நம்புறேன். வார்த்தை வேலை வாங்கித் தராது. நாலு நிமிஷத்துல முடியுற பேச்சை ஆறு நிமிஷம் ஆக்கும், அவ்வளவுதான். சில சமயம் அந்த ரெண்டு நிமிஷத்துலதான் விஷயமே இருக்கு.

எல்லா எச்.ஆரும் இப்படி உட்கார்ந்து பதில் சொல்லிட்டு இருக்க மாட்டாங்கன்னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. கரெக்ட். "யெஸ் ஆர் நோ?"ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்கிறவங்களும் இருக்காங்க. அங்கேயும் யெஸ் சொல்றதுக்கு முன்னாடி உங்க காரணம் அவங்க காதுல விழுந்திருக்கும்.

பாண்ட் கேஸ் இன்னும் சீரியஸ். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 14-வது பிரிவு 'சுதந்திரமான சம்மதம்'னா என்னன்னு சொல்லுது. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், பிழை... இந்த அஞ்சால வந்த சம்மதம் சுதந்திரமானது இல்லை. அந்த அஞ்சுல ரிலக்டன்ஸ் கிடையாது. அரை மனசோட போட்ட கையெழுத்தும் முழு கையெழுத்துதான்! பேனா தயங்கினதை பேப்பர் ஞாபகம் வெச்சுக்காது. (பாண்ட்ல எழுதின தொகை மொத்தத்தையும் கட்டித்தான் ஆகணுமாங்கிறது வேற விவகாரம். அதுக்கு வக்கீலைப் பாருங்க, என்னை விட்டுடுங்க.)

அதனால கேட்க வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க. எழுத்துல வேணும்னா, "ஐ ஆம் ரிலக்டன்ட் டு சைன் பிஃபோர் ரீடிங் தி டெர்ம்ஸ்"னு ஒரு வரி மெயில். மரியாதையாவும் இருக்கும், மறுப்பாவும் இருக்காது.

பேப்பர் படிக்கிறவங்களுக்கு ஒரு எக்ஸாம்பிள். ராஜீவ் காந்தி இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டா இருந்தவர். 1980-ல தம்பி சஞ்சய் விமான விபத்துல இறந்த பிறகு அரசியலுக்குள்ள இழுக்கப்பட்டு, 1981-ல அமேதி எம்.பி. ஆகி, 1984 அக்டோபர் 31-ல பிரதமர் ஆனார். 'ரிலக்டன்ட்' அரசியல்வாதின்னு அவரை இங்கிலீஷ்ல நிறைய பேர் எழுதினாங்க. மனசில்லாம வந்தார், ஆனா வந்தார். 2004-ல சோனியா காந்தி பிரதமர் பதவி வேண்டாம்னு சொன்னாங்களே, அதை ரிலக்டன்ஸ்னு எழுதினா சப்-எடிட்டர் அடிச்சுடுவார். வேண்டாம்னு சொல்லி ஏத்துக்கவும் இல்லை. அது ரெஃப்யூசல்.

இனி கிராமர், சீக்கிரம் முடிச்சுடலாம்.

நம்மாளுங்க பண்ற நம்பர் ஒன் தப்பு, 'ரிலக்டன்ஸ் ஃபார் கோயிங்'. எங்கிருந்து வருதுன்னா, நாம தமிழ்ல "போறதுக்கு மனசில்லை"ன்னு நினைக்கிறோம். அந்த 'க்கு' நேரா 'ஃபார்' ஆயிடுது. இங்கிலீஷ்ல 'ரிலக்டன்ஸ் டு கோ'. 'டு' போட்டு வினைச்சொல்லை அப்படியே வைக்கணும். 'ரிலக்டன்ட்'டுக்கும் இதே ரூல். 'ரிலக்டன்ட் டு ஆஸ்க்', 'ரிலக்டன்ட் டு ஸ்பீக்'.

பொருள் மேலயோ ஆள் மேலயோ வெறுப்புன்னா ரிலக்டன்ஸ் செட் ஆகாது. மெஸ் உப்புமா மேல உங்களுக்கு இருக்கிறது 'அவெர்ஷன்'. அதைச் சாப்பிட உட்கார்றப்ப வர்றது 'ரிலக்டன்ஸ்'. பசியில சாப்பிட்டுட்டா 'ரிலக்டன்ட்லி ஏட்'. ஒரே பிளேட்ல மூணு வார்த்தை!

பன்மை வேண்டாம், 'ரிலக்டன்ஸஸ்'னு எழுதினா கண்ணுல குத்தும். 'எ சர்ட்டன் ரிலக்டன்ஸ்'னு ஒருமையில 'எ' சேர்த்துக்கலாம். கூட்டு சேர்ற வினைச்சொற்கள் 'ஷோ', 'எக்ஸ்பிரஸ்', 'ஓவர்கம்'. ரிலக்டன்ஸைக் காட்டலாம், சொல்லலாம், ஜெயிக்கலாம். ராஜினாமா கடிதத்துல, விழா அழைப்பை மறுக்கிற கடிதத்துல 'வித் கிரேட் ரிலக்டன்ஸ்'னு ஆரம்பிப்பாங்க. உண்மையிலேயே வருத்தமான்னு கேட்கக் கூடாது, அது மரியாதை.

'ரிலக்டன்ட்லி'க்கு மூணு ஜிகிரி தோஸ்த். அக்ரீட், அக்சப்டட், அட்மிட்டட். "மை ஃபாதர் ரிலக்டன்ட்லி அக்ரீட் டு தி ஐ.வி." இந்த ஒரு வரியில மூணு நாள் கெஞ்சினது, அம்மா சிபாரிசு, "எந்த சார் கூட வர்றார், அவர் நம்பரைக் குடு" எல்லாம் அடக்கம். 'ரிலக்டன்ட்லி ரெஃப்யூஸ்ட்'னும் சொல்லலாம். அப்போ அர்த்தம் தலைகீழ். ஆசை இருந்துச்சு, ஆனா மறுக்க வேண்டியதாப் போச்சு.

'லோத்'துன்னு ஒரு வார்த்தை உண்டு, ரிலக்டன்ட்டோட கொஞ்சம் பழைய காலத்து அண்ணன். அதோட வால்ல ஒரு 'ஈ' சேர்ந்தா 'லோத்' வினைச்சொல் ஆகி, கடைசி சத்தமும் மெதுவாகி, அடியோட வெறுக்கிறதுன்னு ஆயிடும். ஒரு எழுத்துல அரை மனசு முழு வெறுப்பாயிடுது, ஜாக்கிரதை.

கடைசியா 'ரெட்டிசன்ட்'. ரிலக்டன்ட்டோட போலி ட்வின். லத்தீன்ல மௌனமா இருக்கிறதுக்கான சொல்லுல இருந்து வந்தது. அதனால பேச்சுல அடக்கமா, தன்னைப் பத்தி வெளியே சொல்லிக்காம இருக்கிறவர்தான் ரெட்டிசன்ட். கிளாஸ்ல பேசவே மாட்டான், ஆனா கிரவுண்டுக்கு முதல் ஆளா வர்றான்னா அவன் ரெட்டிசன்ட், ரிலக்டன்ட் இல்லை. இப்போ நிறைய பேர் 'ரெட்டிசன்ட் டு கோ'ன்னு எழுதி எழுதி, டிக்‌ஷனரிகளும் ரிலக்டன்ட்லி... அதையும் ஒரு அர்த்தமா சேர்த்துக்கிட்டு இருக்கு. ஆனா என்ட்ரன்ஸ் எக்ஸாம்ல எரர் ஸ்பாட்டிங்ல வந்தா தைரியமா ரவுண்டு போடுங்க. மார்க் உங்களுக்கு.

இந்த வாரம் நீங்க "சரி...ங்க..."ன்னு இழுத்த ஒரு விஷயத்தை 'ரிலக்டன்ட் டு' வெச்சு ஒரே வரியில எழுதிப் பாருங்க. பக்கத்துலேயே 'பிகாஸ்' போட இடம் விட்டு எழுதுங்க. அடுத்த வாரம் வேற வார்த்தையோட வர்றேன், டாட்டா!